ஈரம் காத்த பாதை

இங்கிலாந்தின் தென்மேற்கில், வடக்கே மெண்டிப் குன்றுகளும் மேற்கே குவாண்டாக் குன்றுகளும் எல்லையிட்டு நிற்க, போல்டன் என்னும் தாழ்ந்த மேட்டுத்தொடர் நடுவே ஊடுருவிக் கிடக்க, பிரூ, பாரெட், ஆக்ஸ் என்ற சிற்றாறுகள் கடலை அடைய அவசரமே இல்லாதவைபோல் வளைந்து வளைந்து செல்லும் சமவெளி ஒன்று உண்டு. சாமர்செட் லெவல்ஸ் என்பது அதன் பெயர். பரப்பு ஏறத்தாழ 650 சதுர கிலோமீட்டர். அதன் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குச் சில மீட்டரே மேலே இருப்பது மட்டுமன்றி, கடலோரத்துக் களிமண் பட்டை உள்நாட்டுச் சதுப்பைவிடச் சற்று உயர்ந்தும் நிற்பதால், மலையிலிருந்து இறங்கிய ஜலம் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்குவதுதான் அந்த நிலத்தின் சுபாவம். போதாக்குறைக்கு, அருகிலுள்ள செவர்ன் கழிமுகத்தில் எழும் கடலேற்றம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. மனிதர் பல நூற்றாண்டுகளாக வெட்டிய வாய்க்கால்களும் மதகுகளும், இன்று ஓடும் நீரேற்று யந்திரங்களும் இல்லையேல் குளிர்காலத்தில் இது ஏரியாகவே இருக்கும். அவையெல்லாம் இருந்தும் சில குளிர்காலங்களில் ஏரியாகிவிடுகிறது. 2013-14 குளிர்காலத்து வெள்ளத்தில் மச்செல்னி என்ற கிராமம் வாரக்கணக்கில் தீவாகி நின்றது.

இத்தகைய பிரதேசத்தை அறிய விரும்புவோர் மோட்டார் வண்டியில் செல்வதால் பயனில்லை என்று நான் சொல்வதற்கு, மோட்டார் வண்டியின்மேல் எனக்குள்ள பொதுவான அதிருப்தி மட்டும் காரணமன்று. இங்கே நிலத்தின் அமைப்பை முதலில் உணர்வது கண்ணல்ல, மிதிவண்டியின் இருக்கை. களிமண்மேலோ, பழைய மணல் திட்டுகளின்மேலோ போடப்பட்ட பாதை சமமாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று அது அலையலையாக ஏறி இறங்கத் தொடங்கும். ஓரம் ஒருபுறம் சாய்ந்து, தார் வெடித்து, சக்கரம் குலுங்கும். அந்த இடத்தில் களிமண் முடிந்து பீட் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். பீட் என்பது நீரில் அமிழ்ந்து முழுமையாக மட்காமல் நின்றுபோன தாவரங்களின் திரள். தமிழில் முற்றா நிலக்கரி என்று சொல்லப்படும் பொருள். ஈரம் குறைந்தால் அது சுருங்கும். மேலே போட்ட பாதையும் அதோடு அமிழும். ஆழம் இடத்துக்கு இடம் வேறுபடுவதால் அமிழ்வதும் ஒரே சீராக இராது. சீராக ஓட்டும் மிதிவண்டிக்காரர், பூமிக்கு அடியிலுள்ள படிவத்தின் எல்லையைத் தம் முதுகெலும்பினாலேயே ஓரளவு வரைந்துவிடலாம்.

கிளாஸ்டன்பரி நகரிலிருந்து மேற்கே சில மைல் சென்றால் ஹாம் வால், அதை அடுத்து ஷாப்விக் ஹீத், வடமேற்கே வெஸ்ட்ஹே மூர் என்று இயற்கைக் காப்பகங்கள் தொடர்ந்து வருகின்றன. அவற்றின் ஊடே ஒரு நேர்ப்பாதை போகிறது. இருபுறமும் நாணலும் நீரும் நிற்க, இவ்வளவு நேராக ஒரு பாதை இயற்கையில் அமையாது. 1830-களில் இந்தச் சதுப்பில் ஒரு கால்வாய் வெட்டினார்கள். கரைகள் சரிந்தும் அடித்தளம் அமிழ்ந்தும் தொல்லை கொடுத்த அதை ஒரு ரயில்வேக் கம்பெனி வாங்கி, 1854-இல் அதையொட்டி இருப்புப்பாதை போட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் ரயில் ஓடிய பின்னர் 1966-இல் அது மூடப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த மேட்டில்தான் இன்று நாம் நடக்கிறோம், அல்லது மிதிக்கிறோம். கிழக்கே திரும்பினால் 158 மீட்டர் உயரமுள்ள கிளாஸ்டன்பரிக் குன்று, உச்சியில் கூரையில்லாத கோபுரத்துடன், எங்கிருந்து பார்த்தாலும் கண்ணில் படும். ஆகையால் திசை தப்புவதற்கு இடமில்லை.

இந்த நிலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கு அந்த ரயில் பாதையே ஒரு சான்று வைத்துப் போயிருக்கிறது. 1949-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பீட் ஏற்றிச் செல்லும் சிறிய இருப்புப்பாதை பெரிய பாதையைக் குறுக்கே கடக்கும் இடத்தில், பீட் கம்பெனியின் குட்டி எஞ்சின் ஒன்று நின்றுபோயிற்று. வந்துகொண்டிருந்த ரயில் அதன்மேல் மோத, ரயில் எஞ்சின் தடம் புரண்டு பக்கத்து வடிகாலில் விழுந்தது. அதைத் தூக்குவதற்குப் பாரந்தூக்கியைக் கொண்டுவரலாமென்றால், பாரந்தூக்கி நிற்கும் அளவுக்கு அங்கே உறுதியான தரை இல்லை. கடைசியில் எஞ்சினை விழுந்த இடத்திலேயே துண்டு துண்டாக வெட்டி அகற்றினார்கள். ஒரு மனிதரின் எடையும், மிதிவண்டியோடு சேர்ந்த மனிதரின் எடையும்தான் இந்தப் பூமி முகம் கோணாமல் ஏற்றுக்கொள்ளும் எடை.

பீட் உண்டாகும் விதம் ஒருவகையில் மிக எளியது. செடிகள் வளர்கின்றன, சாகின்றன. வேறு இடங்களில் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் அவற்றை ஓரிரு ஆண்டுகளில் தின்று தீர்த்துவிடும். நீர் நிரம்பிய மண்ணிலோ பிராணவாயு ஊடுருவுவதில்லை. பிராணவாயு இன்றி அழுகல் மந்தமாகிறது. ஆண்டுக்கு ஆண்டு மீதி சேர்ந்துகொண்டே போகிறது. மந்தம் என்றால் சாமானிய மந்தமன்று: ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் என்பதே பீட் உயரும் பொதுவான வேகம். ஆள் உயரத்துக்கு ஒரு குழி தோண்டினால் அதன் அடியில் நிற்பவர் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கீழே நிற்கிறார் என்று சொல்லலாம்.

பனியுகம் முடிந்து கடல் உயர்ந்தபோது இந்தப் பள்ளத்தாக்கு உவர்நீர்ச் சேற்றுவெளியாக இருந்தது. கடல் பின்வாங்கிய பிறகு, ஏறத்தாழ ஆறாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்து, நாணற்காடு வந்தது. நாணலின் மிச்சங்கள் நிலத்தைச் சற்றே உயர்த்த, ஆல்டரும் பிர்ச்சும் வேரூன்றின. அவற்றின் மேல், ஆற்றுநீர் எட்டாத உயரத்தில், மழைநீர் ஒன்றையே நம்பி வாழும் ஸ்பேக்னம் பாசி பரவி, நடுவில் புடைத்த மேட்டுச் சதுப்பாக வளர்ந்தது. இந்தப் பாசியைக் குறித்துச் சிறிது நின்று பேசத்தான் வேண்டும். அதன் இலையில் உயிருள்ள அணுக்களுக்கு இடையிடையே, உயிரற்று வெறும் கூடாக நிற்கும் பெரிய அணுக்கள் உண்டு. அவற்றின் சுவரிலுள்ள துவாரங்கள் வழியே நீர் புகுந்து நிற்கிறது. இவ்விதமாகத் தன் உலர் எடையைப்போல் இருபது மடங்கு வரையில் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ள அதனால் முடியும். முதல் உலகப் போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்தபோது காயங்களுக்குக் கட்டும் துணியில் இதை வைத்துத் தைத்து ஆயிரமாயிரமாக அனுப்பினார்கள். அத்துடன், மழைநீரில் உள்ள சொற்ப தாதுஉப்புகளை உறிஞ்சி, அதற்குப் பதிலாக ஹைட்ரஜன் அயனிகளை வெளிவிட்டுத் தன்னைச் சுற்றியுள்ள நீரைப் புளிப்பாக்கிவிடுகிறது. காற்றும் புகாது, புளிப்பும் ஏறியிருக்கும். நம் வீட்டு ஊறுகாய்ப் பானையின் தத்துவம் இதுவேதான். ஆகையால் ஒருமுறை சதுப்பில் விழுந்த மரக்கட்டையும் மகரந்தமும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கெடாமல் கிடக்கின்றன.

மகரந்தத்தின் விஷயம் மிக விசேஷமானது. ஒவ்வொரு மரஜாதியின் மகரந்தத்துக்கும் தனி வடிவமுண்டு; அதன் மேலோடு அழிவது மிக அரிது. சதுப்பில் ஒரு குழாயை இறக்கி மண்ணை உருவியெடுத்து, அடுக்கு அடுக்காக மகரந்தத்தை எண்ணிப் பார்த்தால், எந்தக் காலத்தில் எந்தக் காடு சூழ்ந்திருந்தது, எப்போது மனிதன் அதை வெட்டிப் பயிரிடத் தொடங்கினான் என்பது தெரியவரும். கேம்பிரிட்ஜ் தாவர சாஸ்திரியான ஹாரி காட்வின் இந்தச் சாமர்செட் சதுப்புகளில் அத்தகைய ஆராய்ச்சியை நடத்தியவர். ரேடியோ கார்பனின் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள் என்ற திருத்தப்பட்ட கணக்கை 1962-இல் வெளியிட்டவரும் அவரே.

ஷாப்விக்கில் மிதிவண்டியைச் சாத்திவைத்துவிட்டுக் கிளைப்பாதையில் நடக்க வேண்டும்; அங்கே காலைத்தவிர வேறு வாகனத்துக்கு இடமில்லை. நிழல் மிகுந்த ஈரக்காட்டின் நடுவே, மண்ணுக்கு அடியில், கி.மு. 3807-06 குளிர்காலத்தில் வெட்டிய மரங்களைக்கொண்டு அமைத்த ஒரு நடைபாதை கிடக்கிறது. அந்தப் பாதையின் இருப்பு தற்செயலாகத் தெரிந்தது. 1970-இல் ரே ஸ்வீட் என்ற பீட் தொழிலாளி வடிகாலைத் துப்புரவு செய்கையில் ஒரு பலகை தட்டுப்பட, அதைப் புறக்கணித்து எறிந்துவிடாமல் அவர் எடுத்து வைத்ததன் பயனாக விஷயம் கேம்பிரிட்ஜில் இருந்த ஜான் கோல்ஸ் என்னும் தொல்பொருள் அறிஞருக்கு எட்டியது. ஸ்வீட் டிராக் என்று இன்றும் கண்டெடுத்தவர் பெயரிலேயே அது வழங்குகிறது. இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகளில் மண்வெட்டி பிடித்தவரின் பெயர் நிலைப்பதும், அறிஞரின் பெயர் இரண்டாவதாக வருவதும் அபூர்வம். அதைக் குறிப்பிடாமல் போக எனக்கு மனமில்லை.

போல்டன் மேட்டுக்கும் வெஸ்ட்ஹே என்ற தீவுத்திட்டுக்கும் இடையே, நாணற்சதுப்பைக் கடந்து, ஏறத்தாழ 1,800 மீட்டர் தூரம் அந்தப் பாதை சென்றது. அமைப்பு வெகு சாமர்த்தியமானது. நீண்ட கழிகளைச் சேற்றின்மேல் வரிசையாகக் கிடத்தி, இருபுறமிருந்தும் கூரிய முளைகளைக் குறுக்காகச் சாய்த்து அடித்து, அந்த முளைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் கவட்டில் ஓக், ஆஷ், லைம் பலகைகளை ஏற்றிவைத்தார்கள். ஒரு சமயத்தில் ஒருவர் மட்டுமே நடக்கலாம். உலோகம் அறியாத மனிதர், கல்கோடரியாலும் மர ஆப்புகளாலும், சில இடங்களில் நானூறு வயதான ஓக் மரங்களைப் பிளந்து, மூன்று மீட்டர் நீளமும் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைந்த கனமும் உள்ள பலகைகளாக்கினார்கள் என்பதைப் படிக்கும்போது, நம் தச்சர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. மரங்கள் வெட்டப்பட்ட வருஷத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிந்தது, ஆண்டு வளையங்களின் தடிப்பு மெலிவுகளை ஏற்கெனவே அறிந்த தொடர்வரிசையோடு ஒப்பிட்டதால்தான். ரேடியோ கார்பன் முறை அவ்வளவு நுணுக்கத்துக்கு வராது.

இவ்வளவு பாடுபட்டு அமைத்த பாதை சுமார் பத்து ஆண்டுகளே உபயோகத்தில் இருந்தது. நீர் உயர்ந்தது, நாணல் மேலே வளர்ந்தது, பாதை மூழ்கியது. மூழ்கியதால் பிழைத்தது. அதன் ஓரங்களில் கிடைத்த பொருள்களுள், ஹேஸல் கொட்டைகள் நிறைந்த ஒரு மண்பானையும், ஆல்ப்ஸ் மலையில் கிடைக்கும் ஜேடைட் கல்லில் கண்ணாடிபோல் மெருகிட்டு, ஒருமுறையேனும் உபயோகித்த அடையாளமில்லாத ஒரு கோடரியும் உண்டு. பானை யார் கையிலிருந்தாவது வழுக்கி விழுந்திருக்கலாம். அவ்வளவு தூரத்திலிருந்து வந்த கோடரியை ஒருவர் தவறவிட்டிருப்பார் என்று நம்புவது கடினம். வேண்டுமென்றே நீருக்குக் காணிக்கையாக இட்டிருப்பார்கள் என்று பலர் கருதுகிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

பாதையின் சுமார் 500 மீட்டர் பகுதி இன்னும் எடுக்கப்படாமல் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. சுற்றிலும் பீட் வெட்டியதால் நீர்மட்டம் இறங்கி, அந்த இடம் மட்டும் உயரமான மேடாக நின்று வறளத் தொடங்கியபோது, பலகைகளைக் காக்க ஒரே வழிதான் இருந்தது: யந்திரம் வைத்து நீரை மேலேற்றி, பாதைக்கு மேலே எப்போதும் ஈரம் நிற்கும்படி செய்வது. ஆறாயிரம் ஆண்டுகள் எவர் கவனிப்புமின்றி நடந்துவந்த காரியத்தை இப்போது ஒரு பம்பு செய்துகொண்டிருக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே காண்பதற்கு ஒன்றுமில்லை, காட்டினால் அழிந்துவிடும். அருகில் மாதிரிக்காகக் கட்டிய பாதைமேல் சிறிது தூரம் நடந்து பார்த்துத் திருப்தியடைய வேண்டியதுதான். அப்படி நடக்கையில், கீழே உள்ள நீரின் அளவு ஒரு சாண் கூடினாலும் குறைந்தாலும் இங்குள்ள சகலமும் மாறிவிடும் என்பது நன்றாக மனத்தில் பதிகிறது.

காப்பகங்கள் தாமே அப்படித்தான் உண்டாயின. சுற்றிலும் விரிந்து கிடக்கும் நாணற்கடலைப் பார்த்து ஆதிகாலத்து இயற்கை என்று பரவசப்படுவோர் பலர். உண்மையில் அது ஒரு கைவிட்ட சுரங்கம். ரோமானியர் காலந்தொட்டு இங்கே பீட்டை எரிபொருளாக வெட்டினார்கள். துண்டுகளைக் கூம்பு வடிவமாக அடுக்கி உலர்த்துவார்கள், அந்த அடுக்குக்கு ரக்கிள் என்று உள்ளூரில் பெயர். இருபதாம் நூற்றாண்டில் வீட்டுத் தோட்டங்களுக்கு உரமண்ணாக அனுப்புவதற்காக யந்திரங்கள் வந்தன. கைமண்வெட்டி பல தலைமுறைகளில் செய்ததை அவை சில பத்தாண்டுகளில் முடித்துவிட்டன. அடிக்களிமண் வரையில் வெட்டப்பட்ட பள்ளங்கள், பம்புகளை நிறுத்தியதும் நிரம்பின. 1990-களில் தொடங்கி அவற்றில் கரைகள் எழுப்பி, மதகுகள் வைத்து, நாணல் நாற்றுகளைக் கையால் நட்டார்கள். 2022-இல் இவற்றையும் அண்டை நிலங்களையும் சேர்த்து 6,140 ஹெக்டேர் பரப்பு ஒரே தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

நாணலைத் தன்பாட்டில் விட்டுவிட முடியாது. ஒவ்வோர் ஆண்டும் உதிரும் சருகு தேங்கித் தரையை உயர்த்தும். தரை உயர்ந்தால் வில்லோ மரம் முளைக்கும். சில ஆண்டுகளில் சதுப்பு புதர்க்காடாகிவிடும். ஆகையால் குளிர்காலத்தில் பகுதி பகுதியாக நாணலை அறுத்து எடுக்கிறார்கள். இவ்வளவும் முக்கியமாக ஒரு பறவைக்காக என்றால் மிகையாகாது. பெருங்குருகு என்று நாம் அழைக்கத்தக்க பிட்டர்ன், நாணலின் விளிம்பில் ஆழமற்ற நீரில் நின்று மீன் பிடிப்பது. நீர் வற்றினால் மீன் இல்லை, மிக உயர்ந்தால் நிற்க இடமில்லை. 1997-இல் பிரிட்டன் முழுவதிலும் கூவும் ஆண் பறவைகள் பதினொன்றுதான் இருந்தன. இன்று இந்தச் சமவெளியில் மட்டுமே டஜன் கணக்கில் கூவுகின்றன. வசந்தகாலத்தில், உணவுக்குழாயில் காற்றை நிரப்பி வெளிவிடும் அந்த ஆழ்ந்த ஒலி ஐந்து கிலோமீட்டர் தூரம் வரை கேட்கும். பறவையைக் காண்பதோ பாக்கியம் உள்ளவர்க்கே கிட்டும். மிதிவண்டியிலிருந்து அதைத் தேடாதீர்கள். சங்கிலியின் சப்தம் மெல்லியதேயானாலும், அசையாமல் நிற்கும் ஒருவரின் காதுக்குக் கிடைப்பது ஓடுகிறவருக்குக் கிடைப்பதில்லை.

பெரிய வெண்கொக்கு வேறு கதை. நம் ஊர் ஏரிகளில் எவரும் திரும்பிப் பார்க்காத அந்தப் பறவை பிரிட்டனில் முதன்முதலாகக் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது 2012-இல், இதே ஷாப்விக்கில். நம் வயல்களில் மாட்டின் பின்னே திரியும் உண்ணிக்கொக்கும் பிரிட்டனில் முதலில் இனம் பெருக்கியது 2008-இல், இந்தச் சாமர்செட்டிலேதான். தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு இவற்றைக் காண வரும் கூட்டத்தைப் பார்த்தால் நமக்குச் சிறிது வேடிக்கையாகவே இருக்கும்.

குளிர்கால மாலைகளில் ஸ்டார்லிங் பறவைகள் லட்சக்கணக்கில் நாணலில் உறங்க வருகின்றன. இறங்குமுன் அவை வானத்தில் புகைபோல் சுருண்டு விரியும் ஆட்டத்தை விவரிப்பதைக் காட்டிலும், அதன் காரணத்தைச் சொல்வது மேல். ரோமாபுரி ரயில் நிலையத்தின் மேலே திரண்ட இதே பறவைக் கூட்டங்களைப் பல கோணங்களில் படம்பிடித்து, ஒவ்வொரு பறவையின் இடத்தையும் கணித்த பௌதிக விஞ்ஞானிகள் 2008-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: ஒவ்வொரு பறவையும் குறிப்பிட்ட தூரத்துக்குள் உள்ளவற்றை எல்லாம் கவனிப்பதில்லை; தூரம் எவ்வளவாயினும் தனக்கு மிக நெருங்கிய ஆறேழு பறவைகளை மட்டுமே கவனிக்கிறது. ஆகையால் வல்லூறு பாய்ந்து கூட்டம் சிதறி விரிந்தாலும் பிணைப்பு அறுவதில்லை. தலைவன் எவருமில்லை, கட்டளையுமில்லை. அந்தக் குழுவில் இருந்த ஜார்ஜியோ பாரிசிக்கு, ஒழுங்கற்ற அமைப்புகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஈரம் போனால் என்ன நேரும் என்பதைக் காண இங்கிலாந்தின் மறுகோடிக்குச் செல்ல வேண்டும். கிழக்கே ஹோம் ஃபென் என்ற சதுப்பை வடிக்கும்போது, 1850-ஐ ஒட்டி, ஓர் இரும்புத் தூணை அதன் தலை தரையோடு சமமாக நிற்கும்படி இறக்கிவைத்தார்கள். இன்று அந்தத் தலை தரைக்கு மேல் ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரத்தில் நிற்கிறது. தூண் வளரவில்லை, தரை சுருங்கியும், காற்றுப் பட்டு மட்கிக் கரியமிலவாயுவாகப் பறந்தும் தாழ்ந்துவிட்டது. உலகின் தரைப்பரப்பில் சுமார் மூன்று சதவிகிதமே பீட் நிலம். ஆயினும் உலகத்துக் காடுகளின் மரங்களெல்லாம் சேர்ந்து வைத்திருக்கும் கரியைவிட அதிகமாக அதில் அடங்கியிருக்கிறது. மறுபடி நீர் நிரப்பினால் மீதேன் வாயு வெளிவருமே என்று ஆட்சேபிப்பார்கள். வருவது உண்மைதான், ஆனால் வறண்டு கிடக்கும் பீட் விடாமல் வெளியிடும் கரியமிலவாயுவோடு நீண்டகாலக் கணக்கில் பார்த்தால் நனைத்துவைப்பதே லாபம்.

நாள் மீதமிருப்பவர்கள் திரும்பும் வழியில் வெஸ்ட்ஹே மூருக்குப் போகலாம். பழைய புளிப்புச் சதுப்பின் துண்டு ஒன்று வெட்டுக்குத் தப்பி அங்கே எஞ்சியிருக்கிறது. பாசி மெத்தையில், கட்டை விரல் அளவில், சிவந்த இலைகளில் பசைத்துளி மின்ன, பூச்சிகளைப் பிடித்துத் தழைச்சத்துப் பஞ்சத்தைத் தீர்த்துக்கொள்ளும் செடியைக் குனிந்து பார்க்க வேண்டும். அது நம் அழுகண்ணியின் நெருங்கிய உறவு. நீலகிரியின் ஈரப் புல்வெளிகளிலும் அதன் இனம் ஒன்று உண்டு. உறவு செடியோடு நிற்கவில்லை. உதகைக்கு அருகே சாண்டிநல்லாப் பள்ளத்தாக்கிலும் பீட் படிந்திருக்கிறது. ஆர். சுகுமாரும் சகாக்களும் அதன் அடுக்குகளில் உள்ள கரியின் ஐசோடோப்புகளை அளந்து 1993-இல் வெளியிட்ட கட்டுரை, சுமார் இருபதாயிரம் ஆண்டுகளில் நீலகிரியில் எப்போது வெப்பநாட்டுப் புல் மேலோங்கியது, எப்போது மரங்களும் குளிர்நாட்டுத் தாவரங்களும் பரவின என்பதைக் காட்டிற்று. பருவமழை வலுத்ததும் தளர்ந்ததும் அதிலிருந்து தெரியவந்தது. பரந்து விரிந்திருந்த சோலைக்காட்டை மனிதன் அழித்ததால்தான் நீலகிரியில் புல்வெளி உண்டாயிற்று என்று எண்ணியவர்களுக்கு, அந்த ஈரமண் வேறு விடையை வைத்திருந்தது: மனிதர் அங்கே காட்டை வெட்டத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே புல் இருந்திருக்கிறது.